பழைய படம் புதுப்பிக்கும் கடை, லிட்டில் இந்தியா, பினாங்கு

தாத்தாவின் ராணுவப் படத்தைக் கொடுத்திருந்தேன். செல்லரித்த ஓரங்களைச் சுத்தமாகச் சரிசெய்துவிட்டார்கள். முகத்தை மெழுகுப் பொம்மையாக்கவில்லை. அம்மைத் தழும்புகூட அப்படியே இருக்கிறது. ஆனால் சட்டைக் கையிலிருந்த பாராசூட் சிறகுச் சின்னத்தைக் கறை என்று நினைத்து அழித்துவிட்டார்கள்! தாத்தா 152ஆவது இந்தியப் பாராசூட் பட்டாளம். 1944 மார்ச்சில் மணிப்பூரின் சாங்ஷாக்கில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற பட்டாளம் அது. வானிலிருந்து குதிக்கப் பழகியவர்கள், அங்கே பாறை நிலத்தில் ஆழமாகத் தோண்டக்கூட முடியாத குழிகளில் இருந்து சண்டை போட்டார்கள். போருக்கு அப்புறம் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி பினாங்கு வந்தவர். இதையெல்லாம் சொன்னதும் கடைக்கார அண்ணன் முகம் சுளிக்காமல் சின்னத்தைத் திரும்பக் கொண்டுவந்தார், கூடுதல் காசில்லாமல். மொத்தம் 70 வெள்ளி (ரிங்கிட்). படத்துக்குச் சட்டம் (பிரேம்) மட்டும் அங்கே போடாதீர்கள், மட்டமான பிளாஸ்டிக்.