லிபர்ட்டியா, எண்டர்பிரைஸா, கோல்ட்ரஷ்ஷா: கொல்லையில் வைக்க எந்த ஆப்பிள்?

நர்சரிப் பட்டியலில் 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று போட்டிருந்தால், எந்த நோய்க்கு என்று முதலில் கேளுங்கள். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, ஒஹையோ பக்கம் ஆப்பிள் மரத்தைப் பிடித்து ஆட்டுகிற நோய்கள் நான்கு: சொறி, துரு, தீக்கருகல், சாம்பல். பட்டியல் எழுதுகிறவர் மனதில் இருப்பது பெரும்பாலும் சொறி மட்டும்தான். அதில் லிபர்ட்டி, எண்டர்பிரைஸ், கோல்ட்ரஷ், கூடவே வில்லியம்ஸ் ப்ரைட் என்ற இந்த நான்கு ரகங்களுமே தேறிவிடும். வித்தியாசம் தெரிவது மற்ற நோய்களில். குறிப்பாகத் துருவில் ஒன்று தங்கம், ஒன்று தகரம்.

சொறிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், அதுதான் ஆளை அதிகம் வேலை வாங்குகிறது. முந்தைய வருடம் உதிர்ந்த இலையிலேயே பூஞ்சை குளிர்காலத்தைக் கழித்துவிடும். வசந்தத்தில் மழை விழுந்ததும் வித்துகள் கிளம்பும். 16 முதல் 24 டிகிரி செல்சியஸில் இலை 6 மணி நேரம் நனைந்திருந்தால் போதும், தொற்றிவிடும். ஏப்ரல், மே மழையில் அந்த 6 மணி நேரம் வாராவாரம் கிடைக்கும். மெக்கின்டாஷ், காலா மாதிரி ரகங்களுக்குப் பருவத்தில் பத்துத் தடவை வரை மருந்தடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். வேலைக்குப் போய் வருகிற குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது.

இதற்கு விடை மலஸ் ஃபுளோரிபண்டா 821 என்ற, பூவுக்காக வளர்க்கும் கிராப் ஆப்பிள் மரத்திலிருந்து வந்தது. பழம் சுண்டைக்காய் அளவு, தின்ன லாயக்கில்லை. ஆனால் சொறியைத் தாங்கும் மரபணு அதில் இருந்தது. பர்டியூ, ரட்கர்ஸ், இல்லினாய் பல்கலைக்கழகங்கள் 1945-ல் சேர்ந்து தொடங்கிய திட்டம், அந்த மரபணுவை நல்ல பழ மரங்களுக்குக் கொண்டுவந்தது. முதல் ரகமான ப்ரிமா 1970-ல் வெளிவந்தது. மூன்று பல்கலைக்கழகங்களின் முதலெழுத்துகள் பி, ஆர், ஐ. ப்ரிமா, ப்ரிசில்லா, எண்டர்பிரைஸ், வில்லியம்ஸ் ப்ரைட் என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அந்த மூன்றெழுத்தும் உள்ளே ஒளிந்திருக்கும். லிபர்ட்டி மட்டும் நியூயார்க் மாநிலத்து ஜெனிவாவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துப் பிள்ளை, 1978-ல் வந்தது. அதற்கும் ஒரு பக்கத்துப் பெற்றோர் இந்தத் திட்டத்து மரம்தான்.

துருவில்தான் தீர்ப்பு

துரு நோய்க்கு இரண்டு வீடு வேண்டும். ஒன்று ஆப்பிள். இன்னொன்று ஜூனிப்பர் வகை மரம். நெடுஞ்சாலை ஓரங்களில் தானாக முளைத்து நிற்கும் ஈஸ்டர்ன் ரெட் சீடரும் பெயரில்தான் சீடர், உண்மையில் ஜூனிப்பர். அதன் கிளையில் பழுப்பு நிறத்தில், கோலிக்குண்டு முதல் கோல்ஃப் பந்து வரை முடிச்சுகள் இருக்கும். வசந்த மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால், அந்த முடிச்சிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பான விரல்கள் நீளும். யாரோ ஜிலேபியைப் பிய்த்துக் கிளையில் மாட்டிவிட்டது போல இருக்கும். அதிலிருந்து கிளம்பும் வித்து காற்றில் மைல் கணக்கில் போகும். உங்கள் வீட்டு ஜூனிப்பரை வெட்டினால் கொஞ்சம் குறையும், நோய் போகாது.

லிபர்ட்டி, எண்டர்பிரைஸ், வில்லியம்ஸ் ப்ரைட் மூன்றும் இந்தத் துருவைச் சட்டை செய்யாது. கோல்ட்ரஷ்ஷுக்கு அது எமன். இலை முழுக்க, சிவப்புக் கரை கட்டிய மஞ்சள் புள்ளி விழும். பாதிப்பு அதிகமானால் கோடையிலேயே இலை கொட்டும், பழம் பருக்காது, அடுத்த வருடப் பூவும் குறையும். ஒரே ஆறுதல், துரு ஆப்பிளிலிருந்து ஆப்பிளுக்குப் பரவாது. அதனால் மருந்து அடிக்க வேண்டிய காலமும் சின்னது: மொட்டு இளஞ்சிவப்பாகத் தெரியும்போது ஒன்று, இதழ் உதிர்ந்ததும் ஒன்று, பிறகு 7 முதல் 10 நாளில் ஒன்று. 'மைக்ளோபுட்டனில்' என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த மருந்து கேட்கும். பலரும் கேப்டான் அடித்துவிட்டு ஏமாறுகிறார்கள். அது சொறிக்கு நல்ல மருந்து, துருவிடம் எடுபடாது. அளவு எவ்வளவு என்பது டப்பாவில் அச்சிட்டபடிதான்.

ஆகவே சுற்றுவட்டாரத்தில் ஜூனிப்பர் இருந்து, மூன்று தடவை மருந்தடிக்க மனமில்லை என்றால் கோல்ட்ரஷ்ஷை மறந்துவிடலாம். சொல்லவே மனம் வரவில்லை, ஏனென்றால் ருசியில் இந்த நான்கில் அதுதான் முதல்.

தீக்கருகலும் வேர்ச்செடியும்

தீக்கருகல் பாக்டீரியா நோய். பூக்கும்போது வெயிலும் மழையும் மாறி மாறி வந்தால் பூ வழியே நுழையும். துளிர் நுனி கறுத்து, கைத்தடிப் பிடி போல வளைந்து தொங்கும். எண்டர்பிரைஸ் இதை நன்றாகத் தாங்கும். லிபர்ட்டியும் கோல்ட்ரஷ்ஷும் ஓரளவுக்கு மேலாகவே சமாளிக்கும். வில்லியம்ஸ் ப்ரைட்டும் ஏறக்குறைய அப்படித்தான். கண்டால், கறுப்பு முடிகிற இடத்திலிருந்து 8 முதல் 12 அங்குலம் கீழே தள்ளி, வெயில் நாளில் வெட்டி எடுத்துவிட வேண்டும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இளந்துளிர் பொங்கி வரும், நோய்க்கு அதுதான் விருந்து.

மேலே எந்த ரகம் என்று பார்க்கிறவர்கள், கீழே எந்த வேர்ச்செடியில் (வேர் தரும் அடிமரத்தில்) ஒட்டியிருக்கிறது என்று கேட்பதில்லை. குட்டை மரத்துக்கு வழக்கமாகப் பயன்படும் எம்.9, எம்.26 இரண்டும் தீக்கருகலுக்கு மிகவும் எளிதில் பலியாகும். மேல் மரம் நோயைத் தாங்கினாலும், பாக்டீரியா அதன் உள்ளே சத்தமில்லாமல் இறங்கி வேர்ச்செடியைக் கொன்றுவிடும். மரம் ஏன் பட்டுப்போனது என்றே தெரியாது. ஜெனிவாவில் உருவாக்கிய ஜி.41, ஜி.11, ஜி.935 இந்த விஷயத்தில் தேவலை. ஜி.41-ல் ஒரு குறை உண்டு: ஒட்டு சேர்ந்த இடம் பலமில்லாதது, காற்றில் முறியும். நட்ட அன்றே கம்பம் ஊன்றிக் கட்டுங்கள், மரம் இருக்கும்வரை கம்பமும் இருக்கட்டும். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே 4 அங்குலமாவது தெரிய வேண்டும். மண்ணுக்குள் போனால் மேல் ரகமே வேர்விட்டு, குட்டை மரம் நெட்டை மரமாகிவிடும்.

சாம்பல் நோய் இவற்றில் எதற்கும் பெரிய தலைவலியில்லை.

எப்போது பழுக்கும், எப்படி இருக்கும்

வில்லியம்ஸ் ப்ரைட் ஆடி மாதத்திலேயே பழுத்துவிடும். ஜூலைக் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை மூன்று நான்கு தடவையாகப் பறிக்க வேண்டும், ஒரே நாளில் பழுக்காது. நாள் தள்ளினால் சதைக்குள் நீர் கோத்துக்கொண்டு கண்ணாடி போலாகும்.

லிபர்ட்டி செப்டம்பரில். மெக்கின்டாஷ் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்: சாறு, லேசான புளிப்பு, வெள்ளைச் சதை. கிறிஸ்துமஸ் தாண்டினால் மொறுமொறுப்பு போய்விடும். காய்ப்பு அளவுக்கு மீறும். பிஞ்சைக் கலைக்காமல் விட்டால் எலுமிச்சை அளவிலேயே நின்றுவிடும். பூ உதிர்ந்து 30 நாளுக்குள், ஒரு கொத்துக்கு ஒரு காய், காய்க்குக் காய் 6 அங்குல இடைவெளி என்று கிள்ளி எறியுங்கள். கை கூசும், ஆனால் வேறு வழியில்லை. கோல்ட்ரஷ்ஷுக்கும் இதே கணக்கு. கலைக்காவிட்டால் அது ஒரு வருடம் காய்த்து மறுவருடம் ஓய்வெடுக்கும்.

எண்டர்பிரைஸ் அக்டோபர் நடுவில். மெழுகு பூசியது போலப் பளபளக்கும். தோல் தடிமன், கடித்தால் தனியாக வாயில் நிற்கும். பல்லில்லாத தாத்தாவுக்குத் தோலைச் சீவித்தான் கொடுக்க வேண்டும். அதே தோலால்தான் ஏப்ரல் வரை கெடாமல் இருக்கிறது. ருசி சுமார் ரகம், ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டால் பரவாயில்லை.

கோல்ட்ரஷ் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும். பறித்த அன்று பல்லைக் கூசவைக்கும் புளிப்பு, அன்றைக்கு மாங்காய் ஊறுகாய்க்குப் பதிலாகத் தாளித்துக்கொள்ளலாம். துளையிட்ட பையில் போட்டு ஃபிரிட்ஜில் இரண்டு மாதம் மறந்துவிட்டுப் பொங்கலன்று எடுத்துப் பாருங்கள், இனிப்பும் காரமான ஒரு மணமும் சேர்ந்திருக்கும். ஆனால் முன்பனி சீக்கிரம் வருகிற வட நியூயார்க், மேய்ன் பக்கம் இது பழுக்கவே நேரம் கிடைக்காது. அங்கே லிபர்ட்டிதான்.

ஹனிகிரிஸ்ப் வைக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. சொறியைப் பாதி தாங்கும், மற்றபடி இந்தப் பட்டியலில் சேராது. சுண்ணாம்புச் சத்துக் குறைபாட்டால் பழத்தில் பழுப்புக் குழி விழுவது அதன் பிறவிக்குணம். கடையில் வாங்கிச் சாப்பிடுவது லாபம்.

எந்த ரகமும் தாங்காதவை

பூச்சிக்கு இந்த எதிர்ப்பெல்லாம் செல்லாது. இதழ் உதிர்ந்ததும் பிளம் கூன்வண்டு பிஞ்சில் பிறை வடிவில் கீறும், பின்னாலேயே காட்லிங் அந்துப்பூச்சியின் புழு துளைக்கும். இதழ் உதிர்ந்த கையோடு கயோலின் களிமண்ணை, ஒரு காலன் தண்ணீருக்கு அரை பவுண்டு வரை கரைத்து, மரமே வெளுக்கும்படி அடிக்கலாம். இரண்டு மரம்தான் என்றால், கலைத்த கையோடு ஒவ்வொரு காய்க்கும் பை கட்டுவது இன்னும் நிச்சயம். ஈரக் கோடையில் தோலில் படியும் கரிப்பூச்சு பார்க்கத்தான் அசிங்கம், தேய்த்துக் கழுவிச் சாப்பிடலாம். மானைத் தாங்கும் ரகம் இன்னும் வரவில்லை, வேலிதான்.

ஒற்றை மரம் வைத்தால் காய்க்காது, மகரந்தத்துக்கு வேறொரு ரகம் பக்கத்தில் வேண்டும். எண்டர்பிரைஸும் கோல்ட்ரஷ்ஷும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூப்பதால் நல்ல ஜோடி. லிபர்ட்டிக்கு வில்லியம்ஸ் ப்ரைட். ஜூனிப்பர் சூழ்ந்த இடத்துக்கு இந்த இரண்டாவது ஜோடியே நம் ஓட்டு. பக்கத்து வீட்டில் கிராப் ஆப்பிள் இருந்தால் ஒரே மரத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

சொறி வராத ரகம்தானே என்று உதிர்ந்த இலையை அப்படியே விட்டுவிட வேண்டாம். ஃபுளோரிபண்டா 821-ன் மரபணுவை மீறும் சொறிப் பூஞ்சை, 1980-களிலேயே ஜெர்மனியின் ஆரன்ஸ்பர்க்கில் தென்பட்டுவிட்டது. நவம்பரில் இலை கொட்டியதும் புல்வெட்டும் இயந்திரத்தை மேலே இரண்டு தடவை ஓட்டிப் பொடியாக்குங்கள். அல்லது லிட்டருக்கு 50 கிராம் யூரியா கரைத்து, கீழே கிடக்கும் இலைமேல் தெளியுங்கள். இலை சீக்கிரம் மக்கும், பூஞ்சைக்குத் தங்க இடமிருக்காது.