கூட்டுக் குடியிருப்புக்கு மாடுலர் வீடு: டர்பன் மண்ணுக்கு எது தோது?

ஆளுக்கொரு சின்ன வீடு, நடுவில் எல்லோருக்கும் ஒரே சமையற்கட்டு. இப்படிச் சேர்ந்து வாழ நினைக்கும் குடும்பங்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இரண்டு வகை மாடுலர் வீடுகள் (பெட்டி பெட்டியாகச் செய்து கொண்டுவந்து இணைப்பவை) கிடைக்கின்றன: பழைய கப்பல் கண்டெய்னரை வெட்டிச் செய்தவை, ஸ்டீல் ஃபிரேமில் தொழிற்சாலையிலேயே அறை அறையாகக் கட்டி வருபவை. இரண்டாவதையே எடுங்கள். கண்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர்தான். வெயிலுக்கு இன்சுலேஷன் போட்டால் அதுவும் குறையும். கட்டில் போட்டபின் நடக்க இடமிருக்காது.

ஸ்டீல் ஃபிரேம் வீட்டில் எங்களுக்குப் பிடித்தது அமைதி. ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளுக்கும் தனித்தனிச் சுவர், நடுவில் இடைவெளி. பக்கத்து வீட்டு டி.வி. அவ்வளவாகக் கேட்காது. ஆனால் தீப்பிடித்தால் அதே இடைவெளி புகைபோக்கியாகி நெருப்பை மேலே இழுக்கும். வீடுகள் சேரும் இடத்தில் ராக்வூல் (தீப்பிடிக்காத கற்பஞ்சு) அடைத்திருக்கிறார்களா என்று, பலகை மூடுவதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஒழுகுவதும் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான். வெயிலில் ஸ்டீல் விரிந்து சுருங்குவதால் வெறும் சிலிக்கோன் பிய்ந்துவிடும். மேலே ஒரே கூரையாகப் போடுவதே நல்லது. இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தகடாவது வேண்டும். கடற்காற்று வேறு: சைட்டில் வெட்டிய விளிம்புக்கெல்லாம் துத்தநாக பெயின்ட் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்தே தொடங்கும்.

அஸ்திவாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டர்பனின் பெரேயா மேட்டுச் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்வரை உறுதியாக நிற்கும், நனைந்தால் அமுங்கும். 2022 ஏப்ரல் மழையில் சரிவுகள் பட்ட பாடு ஊரறிந்தது. கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். தூண்களின் மட்டம் சில மில்லிமீட்டர் தவறினாலே கதவு பிடிக்கும்.

பொதுக்கூடத்தை மட்டும் மாடுலரில் வாங்காதீர்கள். 2.6 மீட்டருக்கு மேல் அகலமான பெட்டியை லாரியில் கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும். அதனால் பெட்டிகள் குறுகலாகவே வரும், பந்தி நடுவே தூண் நிற்கும். அதைச் செங்கல்லிலேயே கட்டுங்கள். புரட்டாசியில் சைவம் பிடிப்பவர்களுக்காக இரண்டு அடுப்புமேடை, இரண்டு தொட்டி வையுங்கள். பிரியாணிச் சட்டிக்கான பெரிய பர்னர் வெளித் தாழ்வாரத்தில் இருக்கட்டும்.

பணம் கட்டுமுன் சான்ஸ் 517 (SANS, லேசான ஸ்டீல் ஃபிரேம் கட்டடங்களுக்கான தென்னாப்பிரிக்கத் தரம்) தரப்படி பொறியாளர் கையெழுத்தோ, புதுவகைக் கட்டுமானத்துக்குத் தரப்படும் அக்ரமா (Agrément) சான்றிதழோ கேளுங்கள். வேலை தொடங்க 15 நாள் முன்பே, புது வீடுகளின் தரத்தைக் கண்காணிக்கும் என்.எச்.பி.ஆர்.சி. (NHBRC) அமைப்பில் வீடுகளின் பதிவு முடிந்திருக்க வேண்டும். வீடுகள் செக்‌ஷனல் டைட்டிலில் (ஒரே மனையில் வீட்டுக்கு வீடு தனி உரிமை தரும் பத்திரமுறை) தனித்தனியாகவும், சமையற்கட்டும் தோட்டமும் பொதுச் சொத்தாகவும் பதிவாகட்டும். கிரேன் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். விலைப்பட்டியலில் பெரும்பாலும் அது இருக்காது.