கனிம மாதிரிப் பெட்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: அந்த நீலப் படிகத்தை முதலில் எடுத்து வையுங்கள்

‘மாணவர்களுக்கான இயற்கைக் கனிம மாதிரிகள்’ என்று ஆன்லைனில் விற்கும் பெட்டி ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், அதில் பளிச்சென்ற நீலத்தில் ஒரு படிகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

அக்கா மகனுக்குக் கற்கள் என்றால் உயிர். வழியில் கிடக்கும் கல்லையெல்லாம் பொறுக்கி வந்து இது என்ன, அது என்ன என்று கேட்பான். அவனுக்காகத்தான் 20 கனிமங்கள் கொண்ட இந்தப் பெட்டியை வரவழைத்தேன். ஒவ்வொன்றுக்கும் எண், பெயர்ச்சீட்டு, கூடவே பண்புகளையும் பயன்களையும் அச்சிட்ட கையேடு. பெயர் தெரிந்த கல்லைக் கையில் வைத்துப் பார்த்துப் பழகினால்தான் பெயர் தெரியாத கல்லை அடையாளம் காண வரும். அந்தப் பெயரே பொய்யாக இருந்தால் பிள்ளை தப்பாகத்தானே கற்றுக்கொள்வான்?

முதலில் மாட்டியது ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம். காந்தத்தைக் கிட்டே கொண்டு போனதும் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையான ஹேமடைட் அப்படி ஒட்டாது. மெருகு பூசாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால், கல் வெளியே எவ்வளவு கருப்பாக இருந்தாலும் செம்பழுப்பாகக் கீற்று விழ வேண்டும். இது கருஞ்சாம்பலாக விழுந்தது. போதாததற்கு இந்தக் கல்லே ஆணியை இழுத்தது. இப்படி மெருகேற்றி வரும் ‘காந்த ஹேமடைட்’ பெரும்பாலும் தொழிற்சாலையில் ஃபெரைட் என்ற செயற்கைக் காந்தப் பொருளின் தூளைச் சுட்டுச் செய்வது.

அப்புறம் டர்க்கைஸ் என்ற நீல ரத்தினக் கல். நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், பஞ்சு நீலமாகிவிட்டது. கத்தி முனை பட்ட இடத்தில் உள்ளே வெள்ளை. ஹவுலைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றித்தான் இப்படி டர்க்கைஸ் என்று விற்பது வழக்கம். ‘குவார்ட்ஸ்’ என்று எழுதியிருந்த தெளிந்த கல்லை லென்ஸில் பார்த்தால் உள்ளே உருண்டையான காற்றுக் குமிழிகள். எந்தக் கல் எதைக் கீறும் என்று காட்டும் 1 முதல் 10 வரையிலான மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினத்தன்மை 7, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 5.5. ஆகவே குவார்ட்ஸ் பாட்டிலைக் கீற வேண்டும். இது வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியேதான்.

சிட்ரின் என்ற மஞ்சள் குவார்ட்ஸின் விஷயம் கொஞ்சம் வேறு. அடியில் வெள்ளை, நுனியில் கருகிய ஆரஞ்சு. ஊதா நிற அமெதிஸ்டைச் சுமார் 450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் இந்த நிறம் வரும். அதுவும் குவார்ட்ஸ்தான் என்பதால் போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சூடேற்றியது என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

இப்போது அந்த நீலப் படிகம். சீட்டில் ‘சால்கந்தைட், இயற்கையானது’ என்று இருந்தது. அந்தப் பெயரில் இயற்கைக் கனிமம் உண்டு, தண்ணீரில் கரையும் என்பதால் வறண்ட பகுதிகளில்தான் தங்கும். ஆனால் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி மயில்துத்தத்தைக் கரைத்துக் கிண்ணத்தில் வளர்த்தெடுப்பது. எனக்கு வந்ததன் அடியில் கிண்ணத்தின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. ஈரக் கையால் தொட்டதும் விரலில் நீலம் ஏறியது. மயில்துத்தம் என்றால் காப்பர் சல்பேட். உள்ளே போனால் வாந்தி, வயிற்றெரிச்சல், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. இயற்கையில் விளைந்திருந்தாலும் இதே நஞ்சுதான்.

இதைவிடக் கொடுமை கையேடு. ஹாலைட்டை, அதாவது கல் உப்பை, அடையாளம் காண ‘நாவால் தொட்டுச் சுவைத்துப் பார்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதே பெட்டியில் காப்பர் சல்பேட். அதே பெட்டியில் ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா. கல்லெல்லாம் ஒன்றோடொன்று உரசி, தூள் ஒட்டித்தான் வந்து சேர்ந்தது. எச்சரிக்கையாக ஒரு வரிகூட இல்லை. ஒரு பிள்ளை கையேட்டில் சொன்னபடியே செய்தால் என்ன ஆகும்?

‘பயன்கள்’ பகுதியும் அப்படித்தான். ஹேமடைட்டுக்கு ‘மன அமைதி’ என்று போட்டிருக்கிறது. உலகத்தின் முக்கியமான இரும்புத் தாது அது, அந்தச் சொல்லையே காணோம். ஃப்ளோரைட்டுக்கு ‘கவனத்தைக் கூட்டும்’. எஃகு உருக்கும்போது கசடு இளகுவதற்கு அதைப் போடுகிறார்கள் என்று ஒரு வரி எழுத என்ன தடை?

சரியாக இருந்தவையும் உண்டு. காக்காப்பொன் (மைக்கா) ஏடு ஏடாகப் பிரிந்தது, ஜிப்சத்தில் நகம் கோடு போட்டது, கால்சைட் தூளில் வினிகர் விட்டதும் நுரைத்தது. கலீனாவும் அசல்தான். தண்ணீரைப் போல 7.5 மடங்கு அடர்த்தி, சின்னத் துண்டே கையை இழுத்தது.

விற்றவரிடம் படங்களோடு எழுதினேன். ‘இயற்கைப் பொருள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது’ என்று முதல் பதில். விடாமல் கேட்டதும், கல்லில் கீறல் இருப்பதால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். கீறிப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் கையேட்டோடு விற்ற பெட்டி இது!

ஆகவே வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம், லென்ஸ், எடை ஆகியவற்றால் முதலில் பாருங்கள், இவற்றால் கல்லில் தழும்பு விழாது. கல்லின் எடையை, தண்ணீருக்குள் தொங்கவிடும்போது குறையும் எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, வந்துவிடும். பொன்னிறத்தில் மின்னும் பைரைட் என்றால் 5 பக்கத்தில் வர வேண்டும், குவார்ட்ஸுக்கு 2.65. தண்ணீரில் கரையும் ஹாலைட்டையும் நீலப் படிகத்தையும் மட்டும் இப்படி நனைக்காதீர்கள். கல்லைத் தொட்ட பிறகு கை கழுவுங்கள், எந்தக் கல்லையும் வாயில் வைக்க விடாதீர்கள். வாங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு கல்லும் எங்கே எடுத்தது, சாயமோ சூடோ ஏற்றியதா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம்.