பிராட்மார்ஷ் கிரீன் ஹார்ட்: பாதி இடித்த மாலுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ரயிலடியில் இறங்கி கேரிங்டன் தெருவில் வடக்கே நடந்தால், கால்வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இந்தப் பூங்கா வந்துவிடும். நான் இந்த ஊருக்கு வந்த 2018-இல் அங்கே இருந்தது பிராட்மார்ஷ் ஷாப்பிங் சென்டர். எழுபதுகளில் கட்டியது. ரயிலடியிலிருந்து கடைத்தெருவுக்குப் போக அதன் வயிற்றுக்குள் புகுந்துதான் மறுபக்கம் வர வேண்டும். உள்ளே பல கடைகள் ஷட்டர் இறக்கிக் கிடக்கும்.

2024 அக்டோபரில் கரூரிலிருந்து அம்மா வந்திருந்தபோது கூட்டிப் போனேன். பூங்கா திறந்த புதிது. “இதையப் போயா பார்க்குன்னு சொன்ன கண்ணு?” என்றார். பெரிய பூங்கா இல்லைதான். சுற்றி நடந்துவர ஐந்து நிமிடம் போதும். ஆனால் மார்ஷ் என்றால் சதுப்பு நிலம் அல்லவா, அந்தப் பெயருக்குப் பொருத்தமாக ஒரு குளமும் நீரோரச் செடிகளும் வைத்திருக்கிறார்கள். அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தவர், அரை மணி நேரம் எழவில்லை.

அவர் கண் போனதெல்லாம் எதிரே இருந்த தடுப்புப் பலகைகள் மேல்தான். “ஊருக்கு நடுவுல இத்தனை நல்ல எடத்தை எதுக்கு மறைச்சு வெச்சிருக்காங்க?”

கதையைச் சொன்னேன். அந்த ஷாப்பிங் சென்டரை நடத்திய இன்டு நிறுவனம் புதுப்பிக்கிறோம் என்று இடிக்கத் தொடங்கி, 2020 ஜூனில் நொடித்துப்போனது. இடம் நகர கவுன்சில் மடியில் வந்து விழுந்தது. என்ன செய்யலாம் என்று அவர்கள் ஊரையே கேட்டார்கள். உள்ளூர் வனவிலங்கு அறக்கட்டளை, ராபின் ஹூட் கதைகளில் வரும் ஷெர்வுட் காட்டை ஊருக்குள் கொண்டுவருவதுபோல முழுவதையும் பசுமையாக்கலாம் என்றது. அப்புறம் 2021 டிசம்பரில் ஹெதர்விக் ஸ்டுடியோ என்ற லண்டன் வடிவமைப்பு நிறுவனம் வரைந்த திட்டம் வந்தது. அதில் மாலின் கான்கிரீட் எலும்புக்கூட்டை இடிக்காமல், அதற்குள்ளேயே சந்தையும் விளையாட்டு இடமும். படத்தில் அழகு. மழையில் நனைந்த அந்தக் கம்பிகளைத் தினமும் பார்த்த எனக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை.

நானும் ஒரு கருத்து எழுதிப் போட்டேன்: ரயிலடியிலிருந்து நேர்வழி வேண்டும், உட்கார நிழல் வேண்டும். முதலாவது கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு அந்த இளமரங்கள் வளர வேண்டும். நம் காலத்தில் நடந்தால் சரி.

பூங்காவுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மால் இருந்த முழு மனைக்கும் சேர்த்துக் கேட்டால் இரண்டுதான், அதுவும் கொஞ்சம் தாராளமாக.

குளிர் ஏறியதும் பக்கத்திலேயே இருக்கும் மத்திய நூலகத்துக்குள் போய்விட்டோம். அதற்கு ஐந்து. தனியாக எழுதவேண்டிய அளவுக்கு நல்ல இடம். 2023 நவம்பர் 28 அன்று அதைத் திறந்தார்கள். மறுநாளே கவுன்சில் 114-ஆம் பிரிவு அறிவிப்பு வெளியிட்டது. அதாவது வரவும் செலவும் சரிக்கட்டவில்லை, அத்தியாவசியம் தவிரப் புதுச் செலவு கிடையாது. இதைக் கேட்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தார்: “கிரகப்பிரவேசம் முடிஞ்ச மறுநாள் கடன்காரன் வாசல்ல நிக்கிற மாதிரி!”

அம்மா ஊர் திரும்பியபின், 2025-இல் அரசின் வீட்டுவசதி அமைப்பான ஹோம்ஸ் இங்கிலாந்து இந்த மனையை வாங்கியது. ஆயிரம் வீடுகள் வரைக்கும் வரலாம் என்கிறார்கள். காசில்லாத கவுன்சில் கையில் வைத்திருப்பதைவிட இது மேல் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் வாடகை எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுபடியாகுமா என்பதே கேள்வி. செய்தியைச் சொல்ல போன் செய்தபோது அம்மா கேட்டது வேறு: “அந்தக் கொளத்தை மூடிர மாட்டாங்கல்ல?”

போகிறவர்கள் காலையில் போங்கள், பிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் பக்கத்திலேயே நிலத்தடிக் குகைகளுக்கும் சீட்டு வாங்கலாம். இந்த ஊருக்கடியில் 800-க்கும் மேற்பட்ட குகைகள் உண்டு. தோல் பதனிட்ட இடைக்காலத் தொட்டிகளை இங்கே பார்க்கலாம். படிகள் அதிகம், முட்டிவலி உள்ளவர்களுக்குச் சரிப்படாது. அம்மா மேலேயே இருந்துகொண்டார்.