வீட்டை வாங்கி அலுவலகமாக்க நினைத்தோம்: பிரிக்பீல்ட்ஸ் வழக்கறிஞர் ஒருவரின் சேவை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்தில், கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில் இயங்கும் சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சேர்த்தே சொல்லப்போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இரண்டாவதாக ஒரு வீட்டை வாங்கித் தொழிலுக்குப் பயன்படுத்த எண்ணியிருப்பவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் இத்தகைய சேவையிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

நானும் என் மனைவியும் செந்தூலில் கணக்குப் பதிவுத் தொழில் நடத்துகிறோம். எங்களிடம் மூவர் வேலை செய்கிறார்கள். வாடகை ஏறிக்கொண்டே போனதால், நாங்கள் குடியிருக்கும் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) நான்கு வீடு தள்ளி விற்பனைக்கு வந்த இரட்டை மாடி வரிசை வீட்டை 650,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி, கீழே அலுவலகமும் மேலே கோப்பு அறையுமாக அமைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தோம். 2010-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதித்த 70 விழுக்காட்டுக் கடன் வரம்பு மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே இரண்டாவது வீட்டுக்கு 90 விழுக்காடு வரை கிடைக்கும் என்ற தெம்பும் இருந்தது. வீட்டு விற்பனை முகவரின் சிவப்பு அடையாள அட்டையையும் பதிவு எண்ணையும் சரிபார்த்தோம், அதில் பிழை இல்லை. ஆனால் அலுவலகமாக நடத்த முடியுமா என்று கேட்டபோது, "மேசை போட்டு உட்கார்ந்தால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்று சொல்லிவிட்டு, 2 விழுக்காட்டு முன்பணமான 13,000 வெள்ளிக்கு அன்றே காசோலை கேட்டார். வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒரு காசும் தரக்கூடாது என்று என் மனைவி உறுதியாக நின்றாள். அந்த உறுதிக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

வழக்கறிஞர் ஓர் இளம்பெண். நாங்கள் கொண்டுபோன படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் வீட்டு கிராண்டின், அதாவது நில உரிமைப் பத்திரத்தின், தேடல் நகலை நில அலுவலகத்திலிருந்து எடுக்கச் சொன்னார். நகல் வந்ததும் இரண்டாம் முறை சென்றோம். காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி, ஓர் அடிக்கோலை ஒரு வரியின் கீழே வைத்து, "ஐயா, இதைச் சத்தமாகப் படியுங்கள்" என்றார். நிபந்தனைப் பகுதியில் 'பங்ஙுனான் கெடியாமான்' என்ற இரண்டே மலாய்ச் சொற்கள்: குடியிருப்புக் கட்டடம். தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த நிபந்தனையை மீறினால் அபராதம் விதிக்கலாம், சரிசெய்யாமல் விட்டால் நிலத்தையே அரசு எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு, நிபந்தனையை மாற்ற விண்ணப்பித்தால் அதற்கு அரசுக்குத் தனியாகப் பிரீமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். இருபது ஆண்டுகளாகப் பிறருடைய கணக்கைப் பார்க்கும் நான், என் சொந்தப் பணத்தைப் போடவிருந்த இடத்தின் ஒரு வரியைப் படிக்காமல் இருந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

கிராண்ட் ஒரு பக்கம் இருக்க, கோலாலம்பூரில் கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டப்படி மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றும், வளாக உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் அதற்குப் பின்னால்தான் வரும் என்றும் சொன்னார். வீட்டுக் கடன் கடிதத்தில் குடியிருப்பு என்று எழுதிவிட்டு உள்ளே தொழில் நடத்தினால், தீ விபத்து நேரும்போது வீட்டுக் காப்புறுதி இழப்பீட்டை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். எங்கள் அலமாரிகளில் இருப்பவை வாடிக்கையாளர்களின் ஏழாண்டு ரசீதுகள் என்பதால், இந்த ஒன்றே எங்களை நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

யார் பெயரில் வாங்குவது என்பதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் வீட்டுக் கடன் 60 விழுக்காட்டோடு நின்றுவிடும். விற்கும்போதும், குடிமகன் ஒருவர் ஆறாம் ஆண்டு முதல் சொத்து இலாப வரி கட்டத் தேவையில்லை என்றிருக்க, நிறுவனம் 10 விழுக்காடு கட்டியே ஆக வேண்டும். எங்கள் பெயரில் வாங்கி நிறுவனத்துக்கு முறையான ஒப்பந்தத்தோடு வாடகைக்கு விடுவது நல்லது என்றும், அந்த வாடகையை எங்கள் சொந்த வருமானக் கணக்கில் காட்ட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் செலவுகளை எழுதினார். சொத்து மாற்ற முத்திரை வரி, முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000-க்கு 2, மீதி 150,000-க்கு 3 என 13,500 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு, 90 விழுக்காட்டுக் கடனான 585,000-இல் அரை விழுக்காடு என 2,925 வெள்ளி. விற்பனை ஒப்பந்தத்துக்கான சட்டக் கட்டணம் 7,750 வெள்ளி, அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி. முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரை வரி விலக்கு எங்களுக்குக் கிடையாது. ஊழியர் சேமநிதியிலிருந்தும் பணம் எடுக்க முடியாது. முதல் வீட்டை விற்றிருந்தால்தான் இரண்டாவது வீட்டுக்கு அந்த வழி திறக்கும்.

பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி கிடைத்தால் மட்டுமே விற்பனை செல்லும் என்ற ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்க அவர் உரிமையாளருக்கு எழுதினார். உரிமையாளர் மறுத்துவிட்டார். முன்பணம் கைமாறாததால் ஆலோசனைக் கட்டணத்தைத் தவிர எங்களுக்கு இழப்பில்லை. ஐந்து மாதங்கள் கழித்து, ஈப்போ சாலைப் பக்கம், வணிகக் கட்டடம் என்று கிராண்டிலேயே குறிக்கப்பட்ட கடைவீட்டின் முதல் மாடியை அவர் மூலமாகவே வாங்கினோம். விலையில் கடனாகக் கிடைத்த பங்கு குறைவு, மாதத் தவணை கூடுதல், படியேற முடியாத முதிய வாடிக்கையாளர்களுக்காக நாங்களே கீழே இறங்கி வர வேண்டியிருக்கிறது. இருந்தாலும் எங்கள் பெயர்ப்பலகையை உரிமத்தோடு மாட்டியிருக்கிறோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிற்பகலில் தொலைபேசியை எடுப்பதில்லை. குமாஸ்தா, "அண்ணே, நாளைக்குக் கூப்பிடுறோம்" என்று சொன்ன நாளை இரண்டு முறை ஒரு வாரமாக நீண்டது. கடன் பத்திரம் கையெழுத்தாகும் நேரத்தில் அந்தத் தாமதம் எங்களைக் கலங்க வைத்தது. இறுதிக் கட்டணச் சீட்டில் 'இதர செலவு' என்று ஒரே வரியில் போட்டிருந்த 480 வெள்ளிக்கு விவரம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. விவரம் சரியாகத்தான் இருந்தது. அதை முதலிலேயே பிரித்து எழுதியிருக்கலாம்.

செல்பவர்கள் காலை பத்து மணிக்கு முன் நேரில் செல்லுங்கள். கிராண்டின் நகல், அல்லது அதன் எண்ணும் மனை எண்ணும் தெரியும் நிலவரிச் சீட்டு, இரண்டில் ஒன்று கையில் இருந்தால் தேடலை அன்றே தொடங்கிவிடுகிறார்கள்.