பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறீர்களா? அமரத்தில் புதுத் தகடு அடித்திருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்

ரூ.2,15,000. 28 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது), இரண்டும் சேர்த்து ஒரே நாளில் எண்ணிக் கொடுத்த பணம். மூன்றாவது தடவை கடலில் இறக்கியபோது அமரப் பலகை, அதாவது மோட்டார் மாட்டும் பின்முனைப் பலகை, மோட்டாரோடு பின்பக்கம் சாய்ந்து, மூலையில் பிளந்து, தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கரை பக்கம் என்பதால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது.

விற்றது பழைய படகுகளை வாங்கி விற்கும் ஒரு யார்டு. பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் விளம்பரம் போட்டிருந்தார்கள். வழக்குப் போடப் போவதால் பெயர் எழுதவில்லை.

எதை நம்பி வாங்கினோம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஆளே ஒரு சின்னச் சுத்தியலைக் கையில் கொடுத்து, "நீங்களே தட்டிப் பாருங்கண்ணே, எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல" என்றார். முன்முனையான அணியத்திலிருந்து பக்கவாட்டு முழுக்கத் தட்டியதில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம்தான். அமரத்துக்கு வந்தால் உள்ளேயும் வெளியேயும் பளபளவென்று அலுமினியத் தகடு. "மோட்டார் கிளாம்ப் பலகையை அழுத்தாம இருக்கப் போட்டது, எங்க செலவு" என்றார். தகட்டின் மேல் தட்டினால் எல்லாமே கெட்டியாகத்தான் கேட்கும். தன் கையால் சுத்தியலைக் கொடுக்கிறவர் ஏமாற்றமாட்டார் என்று நினைத்தோம். அங்கேதான் ரூ.2,15,000 போனது.

தகட்டைக் கழற்றியபோது உள்ளே பிளைவுட் கறுத்து, கரண்டியால் வழித்தெடுக்கும் பதத்தில் இருந்தது. ஃபைபர் படகின் அமரம் முழுக்க ஃபைபர் இல்லை. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே மரைன் பிளைவுட்தான் மோட்டாரின் பாரத்தையும் தள்ளு விசையையும் தாங்குகிறது. போல்ட் துளைகளில் சீலன்ட் வைக்காமல் விட்டால் அந்த வழியே தண்ணீர் இறங்கும். கரையில் ஏற்றிப் போட்ட படகில் மழைத்தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம், உப்புத்தண்ணீரைவிட அதுதான் மரத்தைச் சீக்கிரம் மக்க வைக்கும். வெளித்தோல் மட்டும் நிற்கும். அதன் மேல் பட்டி பூசி, பெயின்ட் அடித்து, தகடு வைத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

கண்டுபிடிக்க வழி உண்டு. மோட்டாரைப் பலகையில் மாட்டியபடியே கீழே சாய்த்து வைத்து, அதன் கீழ்க்காலைப் பிடித்து முன்னும் பின்னும் அழுத்த வேண்டும். ஒருவர் அழுத்த, இன்னொருவர் பலகையின் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பு கொஞ்சம் அசைந்தாலும் உள்ளே மக்கியிருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் உட்பக்கம் அடியில் 5 மி.மீ. துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். வெளுத்து, உலர்ந்து வந்தால் நல்லது. ஈரமாகக் கறுப்பாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். துளையை எபாக்சி வைத்து அடைத்துவிடலாம். துளை போட விடமாட்டேன் என்றால் காரணம் அதுதான்.

மோட்டாரிலும் இதே வேலை. போய்ச் சேரும்போதே சூடாக இருந்தது, "இப்பத்தான் ஓட்டிப் பாத்தோம்" என்றார்கள். குளிர்ந்த மோட்டார் எத்தனை இழுப்பில் எழும் என்பது தெரியாமல் போனது அதனால்தான். டிரம் தண்ணீரில், பெட்ரோலில் மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். பெட்ரோலில் எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டார் இது; மண்ணெண்ணெய்க்கு மாற்றவே இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இறங்கிய மோட்டார் மண்ணெண்ணெயில் திணறும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு மெக்கானிக் கேஜ் வைத்து அந்த அழுத்தத்தைப் பார்த்ததில் ஒரு சிலிண்டரில் 110 psi, மற்றதில் 70. பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கவே கூடாது. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (சுழலும் சக்கரம்) இதழ்கள் உடைந்து, துண்டுகள் பாதையை அடைத்து, சூடேறி பிஸ்டன் கீறியிருந்தது. கியர் ஆயில் தண்ணீர் கலந்து, பால் கலந்த காபி மாதிரி இருந்தது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல் போய்விட்டது. விற்பதற்கு முன்பு புது ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். ஆகவே ஆயிலைக் கடலில் ஓட்டிய பிறகு, சில மணி நேரம் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். சீல் போயிருந்தால், அடி ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது தண்ணீர்தான் முதலில் வரும்.

அமரத்தை அறுத்து, புதுப் பிளைவுட் இரண்டு அடுக்கு ஒட்டி, மேட், ரோவிங் என்னும் கண்ணாடி இழைத் துணிகளும் ரெசினும் போட ரூ.38,000 கேட்கிறார்கள். மோட்டார் தனி. ரூ.2,15,000 கொடுத்த பிறகு இது.

போன் செய்தால் முதல் நாள், "கடல்ல போற பலகை நனையாம இருக்குமாண்ணே?" இரண்டாம் நாள், "தட்டிப் பாத்துத்தானே வாங்குனீங்க." அந்தச் சுத்தியலைக் கொடுத்ததே இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அப்புறம் "பழைய ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." நேரில் போனால் பையன் ஒருவன், "அண்ணன் காரைக்கால் போயிருக்காங்க." நான்காம் நாளிலிருந்து எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். செயலியில் புகார் கொடுத்தால் "இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம்." காவல் நிலையத்தில் "சிவில் கேஸ்." ரூ.2,15,000 யாருக்குமே ஒரு தொகையாகத் தெரியவில்லை.

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை. அவசரமாகச் சில மட்டும். மெக்கானிக்கை உடன் கூட்டிப் போங்கள், யார்டு காட்டும் மெக்கானிக்கை அல்ல. கடலில் ஓட்டாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மோட்டார் பிராக்கெட்டில் உள்ள சீரியல் எண் தகடு சுரண்டப்பட்டிருந்தால் தொடாதீர்கள். பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறதோ அவரை நேரில் பார்த்து, மீன்வளத் துறை அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு மீதிப் பணம். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், ரசீதில் படகின் நிலையை எழுதி வாங்குங்கள். ஏமாந்துவிட்டால், "தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கேஸ் செல்லாது" என்று மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியதற்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போங்கள், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விளம்பரம் இன்று காலையும் இருந்தது. வேறு படகு, வேறு விலை. படத்தில் அமரத்தில் அதே பளபளப்பான அலுமினியத் தகடு.