தரவரிசையா, அளவுகோலா, பதினைந்து நாள் கூட்டமா?

ஒரு நகராட்சியின் வேலையை எப்படி அளப்பது? மூன்று வழிகளைப் பார்க்கலாம். முதலாவது, ஸ்வச் சர்வேக்ஷன் என்ற மத்திய அரசின் நகரத் தூய்மைத் தரவரிசை. 2016-ல் நடந்த முதல் சுற்றில் திருச்சிக்கு மூன்றாமிடம். அடுத்த ஆண்டு ஆறாமிடம். ஒரே வருஷத்தில் ஊர் அழுக்காகிவிட்டதா? அந்த எண்ணை வைத்துக்கொண்டு பதில் சொல்லவே முடியாது. முதலாண்டில் களத்தில் இருந்தவை 73 நகரங்கள், மறு ஆண்டில் 434. மதிப்பெண் பிரித்த விதமும் மாறியது. மொத்தம் 2000 மதிப்பெண்ணில், நகராட்சி தானே கொடுக்கும் தகவலுக்கு இருந்த 1000 மதிப்பெண் 900 ஆனது. மக்கள் கருத்துக்கு 500 இருந்தது 600 ஆனது. நீளமும் மாறி, அதை அளக்கும் கயிறும் மாறினால் ஒப்பிட என்ன மிஞ்சும்?

ஆனாலும் தரவரிசையை நான் ஒதுக்கமாட்டேன். குப்பையைப் பற்றிக் கவுன்சிலர்களை வாய் திறக்க வைத்தது அதுதான். பட்டியல் வந்த மறுநாள் டீக்கடையில்கூட அதே பேச்சு. ஆனால் நான் வேலை பார்த்த நகராட்சியில், ஆய்வுக் குழு வரும் வாரம் உள் வார்டுத் தூய்மைப் பணியாளர்களை எல்லாம் மெயின் ரோட்டுக்கு இழுத்துவிடுவார்கள். அந்த ஒரு வாரம் எங்கள் சந்துகளில் குப்பை அப்படியே கிடக்கும்.

இரண்டாவது வழிக்கு இவ்வளவு புகழ் கிடையாது. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-ல் வெளியிட்ட சேவைத்தர அளவுகோல்கள் அவை. குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் என நான்கு துறைகளுக்கு 28 குறியீடுகள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், கணக்கில் வராத தண்ணீர் 20 சதவீதத்துக்குள் என்று இலக்கு தெளிவாக இருக்கிறது. பதிமூன்றாவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான மானியத்தின் ஒரு பகுதியை இதோடு முடிச்சுப் போட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அதை எவ்வளவு நம்பலாம் என்று 'ஏ' (மிகவும் நம்பலாம்) முதல் 'டி' (மிகக் குறைவாகவே நம்பலாம்) வரை ஒரு தரமும் எழுத வேண்டும்.

அது ஏன் முக்கியம் என்பது படிவம் நிரப்பியவர்களுக்குத் தெரியும். மேல்நிலைத் தொட்டியில் மீட்டர் இருக்காது. ஆபரேட்டர் நோட்டில் 'காலை 5.30 - 9.00' என்று இருக்கும். மோட்டாரின் திறனை அந்த நேரத்தால் பெருக்கி, மக்கள்தொகையால் வகுத்தால் அழகான லிட்டர் கணக்கு வந்துவிடும். வோல்டேஜ் குறைந்து மோட்டார் திணறியதோ, கடைசித் தெருவில் ஒரு குடம் நிரம்பக் கால்மணி நேரம் ஆனதோ அதில் இருக்காது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'டி' என்று எழுதும் நேர்மைதான் அளவீட்டின் தொடக்கம்.

மூன்றாவது, அமெரிக்காவின் பால்டிமோரில் மேயர் மார்ட்டின் ஓமாலி 2000-ல் தொடங்கிய சிட்டிஸ்டாட் என்ற ஆய்வுக் கூட்ட முறை. குற்றப் புள்ளிவிவரங்களை வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் நியூயார்க் போலீஸின் காம்ப்ஸ்டாட்டைப் பார்த்துச் செய்தது. இரண்டு வாரத்துக்கொரு முறை துறைத்தலைவர் மேயர் குழு முன் நின்று ஓவர்டைம், விடுப்பு, தேங்கிய புகார் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சாலைப் பள்ளம் பற்றிப் புகார் வந்தால் 48 மணி நேரத்தில் மூடுவதாக ஊருக்கு வாக்குக் கொடுத்தார்கள். 'போன முறை என்ன சொன்னீர்கள்?' என்று கேட்க ஆள் இருப்பதே இதன் பலம். பலவீனமும் அதே நாற்காலியில்தான். ஆணையர் மாற்றலாகிப் போனால் நம் ஊர்களில் கூட்டமும் கூடவே போய்விடும்.

ஊழியரை அளப்பதிலும் இந்த மூன்றாவதுக்கே என் ஓட்டு. முகம் காட்டிப் போடும் வருகைப்பதிவு, ஆள் வந்ததைச் சொல்லும். தள்ளுவண்டிக்குச் சக்கரம் இல்லாததைச் சொல்லாது. கூட்டத்தில் ஏழாவது வார்டில் ஏன் குப்பை நிற்கிறது என்று கேட்டால், சக்கரம் வாங்கும் கோப்பு யார் மேஜையில் தூங்குகிறது என்பது வெளியே வரும். பழி பணியாளர் தலையில் விழாது.

என்னைக் கேட்டால், அடித்தளம் சேவைத்தர அளவுகோல், அதன்மேல் பதினைந்து நாள் கூட்டம். தரவரிசை வந்தால் வரட்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தொட்டியின் அவுட்லெட்டில் ஒரு ஃப்ளோ மீட்டர் வேண்டும்.